ஆறில் நின்ற முள்

கட்டடக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்னைச் 'சட்டம் அக்கா' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியும். அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. தீப்பிடித்தால் கூரையிலிருந்து தானாகத் தண்ணீரைக் கொட்டும் ஸ்பிரிங்க்ளர் குழாய்கள்தான் எங்கள் தொழில். அவற்றைப் பொருத்துவது என் கணவர் வேலையாக இருந்தது. எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று ஓனர்களுக்கு எழுதிக் கொடுப்பதும், வருடாவருடம் போய்ச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் என் வேலை. பைப்பில் துணி காயப்போடாதே, தண்ணீர் தெறிக்கிற ஹெட்டுக்கு மேல் பெயின்ட் அடிக்காதே, வருடம் ஒருமுறை வால்வைக் கண்ணால் பார், வால்வை மூடினால் திறக்கும்வரை அதில் சிவப்புக் கார்டு மாட்டு, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பிரஷர் மீட்டரை மாற்று என்று மொத்தம் பதினொரு பக்கம். படிக்காமல் கையெழுத்துப் போடுகிற ஓனர்களை நான் சும்மா விட்டதே இல்லை.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். அந்தப் பழமொழியை எனக்காகவே செய்துவைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு பிற்பகல், "ஆறாவது மாடில ஒரு ஹெட் ஒழுகுது, மாத்திட்டு வந்துடறேன்" என்று போன மனிதர் வரவில்லை. அந்தக் கட்டடத்தின் ஆறாவது மாடியில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி. மாடிப்படி முடிகிற இடத்தில், குழாய் அறைக் கதவுக்கு முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். விடுதிப் பெண்கள்தான் கீழே தூக்கி வந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு பையைக் கொடுத்தார்கள். கைக்கடிகாரம், போன், டேப், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம். வீட்டுச் சாவி மட்டும் இல்லை.

இதை என் அக்காவிடம் மட்டும்தான் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"வீட்டுச் சாவி எங்கடி போகும்? இன்னொரு வீட்ல இருக்கும்" என்றாள் அவள்.

வாயை மூடு என்று கத்தினேன். ஆனால் சொல் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. ஏனென்றால் எனக்கு ஒரு விஷயம் ஞாபகம் வந்துவிட்டது. வருடத்தில் இரண்டு மூன்று தடவை அவர் வாசல் வரை வருவார். சட்டைப்பையைத் தட்டுவார், பேன்ட் பையைத் தட்டுவார். நான் உள்ளிருந்து கதவைத் திறப்பதற்குள், "இதோ வந்துடறேம்மா" என்று திரும்பிப் போய்விடுவார். வர ஒரு மணி நேரம் ஆகும். எங்கே போனீர்கள் என்றால் சிரிப்பார். உயிரோடு இருந்தவரை அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. செத்த பிறகு அந்தச் சிரிப்பை ஆயிரம் தடவை பிரித்துப் பார்த்தேன்.

அவர் போன பிறகும் அது நிற்கவில்லை. சாயங்காலம் ஏழு மணி வாக்கில், வாசலுக்கு வெளியே யாரோ பையைத் தட்டித் தேடுகிற சத்தம் கேட்கும். தட், தட். மேல் பை, பிறகு கீழ்ப் பை. பைத்தியம் என்று சொல்வார்கள் என்பதால் யாரிடமும் சொல்லவில்லை. நான் எழுந்து கதவைத் திறந்ததும் இல்லை. 'எங்க விட்டீங்களோ அங்கயே போய்த் தேடுங்க' என்று மனதுக்குள் வைவேன். நான்கு வருடம் இப்படி.

அந்தக் கட்டடத்துச் சோதனைக்கு மட்டும் எங்களிடம் வேலை செய்யும் வெல்டர் அண்ணனை அனுப்பாமல் நானே போவேன். போவேனே தவிர, அவர் விழுந்த இடத்தில் கால் வைக்க முடியாது. தள்ளி நின்று குழாய் அறைக் கதவை ஒரு கையால் இழுத்துத் திறந்து, மீட்டரைப் பார்ப்பேன். முள் ஆறில் நிற்கும். பிரஷர் ஆறு இருக்கிறது என்றால் குழாயில் தண்ணீர் இருக்கிறது, தண்ணீர் இருந்தால் வால்வு திறந்திருக்கிறது. 'வால்வைக் கண்ணால் பார்த்தேன்: ஆம்' என்று டிக் அடித்துவிட்டு ஓடி வந்துவிடுவேன். நான்கு தடவை அடித்தேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த விடுதியில் யாரோ இஸ்திரிப்பெட்டியை மெத்தைமேல் விட்டுப் போய், மெத்தை எரிந்திருக்கிறது. வாளித் தண்ணீரை ஊற்றி அணைத்திருக்கிறார்கள். "உங்க பைப்புலேர்ந்து ஒரு சொட்டும் வரலையே" என்று வார்டன் கேட்டார். அவருக்கு நான் மூன்று பத்தியில் பாடம் எடுத்துக் கடிதம் எழுதினேன். ஹெட்டில் இருக்கும் கண்ணாடிக் குமிழ் குறிப்பிட்ட சூடு ஏறினால்தான் உடையும், உங்கள் தீ அந்த அளவுக்கு வளரவில்லை, முதலில் பைப்பில் துண்டு காயப்போடுவதை நிறுத்துங்கள் என்று.

இந்த வருடம் மீட்டர் மாற்றுகிற வருடம். கழற்ற ஆள் வேண்டும் என்று வெல்டர் அண்ணனைக் கூட்டிப் போனேன். வழக்கம்போல நான் படியோரம் நின்றேன். அவர் ஸ்பேனரைப் போட்டு மீட்டரைக் கழற்றி, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தார்.

"தங்கச்சி, முள்ளு எறங்கலையே."

குழாயிலிருந்து கழற்றி எடுத்த பிறகும் அது ஆறையே காட்டிக்கொண்டிருந்தது. அவர் விரலால் சுண்டினார். அசையவில்லை. உள்ளே துரு பிடித்துச் செத்துப்போன முள். நான் நான்கு வருடம் அதைப் பார்த்துத்தான் நிம்மதியாகத் திரும்பிப் போயிருக்கிறேன்.

வால்வு கூரையை ஒட்டி, இருட்டில் இருக்கும். ஏணி போட்டால்தான் தெரியும். அண்ணன் டார்ச்சோடு ஏறினார். பிறகு இறங்கி வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "நீயே ஏறிப் பாரும்மா" என்றார்.

என் கணவர் விழுந்த இடத்தில் கால் வைத்துத்தான் ஏணிக்குப் போக வேண்டும். வைத்தேன்.

வால்வின் சக்கரத்தில் ஒரு கம்பியில் கோத்து எங்கள் வீட்டுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. அடையாளத்துக்காக அதில் நான் சுற்றிய பச்சை நூல்கூட அப்படியே இருந்தது.

"அவர் வழக்கம்மா அது" என்றார் அண்ணன் கீழிருந்து. "ஹெட் மாத்தறதுக்காக வால்வை மூடினா வீட்டுச் சாவியை அதுல மாட்டிடுவார். 'கார்டை மாட்டினா மறந்துட்டுப் போயிடலாம்ணே, வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா? வாசல்ல நின்னு பையைத் தட்டினா ஞாபகம் வந்துடும்'னு சொல்வார். சாவி காணோம்னு நீ ஒரு வார்த்தை சொல்லலையேம்மா."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"செவப்புக் கார்டு மாட்டாம இதென்ன புது வழக்கம்னு நீ கத்துவியே. பயம்."

ஏணியில் நின்றபடியே அழுதேன். முதலில் வந்தது சந்தோஷம், அதை மறைக்க விரும்பவில்லை. இன்னொரு வீடும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்தான் இருந்தது. சாவி தொங்குகிறது என்றால் வால்வு மூடியிருக்கிறது. நாற்பத்திரண்டு பெண்கள் நான்கு வருடமாகக் காலிக் குழாய்களுக்குக் கீழே தூங்கியிருக்கிறார்கள். ஹெட் மாற்றப் போனவர் பாதியில் விழுந்தார் என்பது எனக்குத் தெரியும். வால்வு என்ன ஆயிற்று என்று முதலில் கேட்டிருக்க வேண்டியவள் நான்.

உடனே திறக்க முடியாது. ஏதாவது ஒரு ஹெட் இல்லாமல் இருந்தால் மாடி முழுக்க வெள்ளமாகிவிடும். விடுதிக்குள் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். நடைவழியில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடப் பளபளப்பாக இருந்தது. அவர் வேலையை முடித்திருக்கிறார். அங்கிருந்து வால்வுக்கு இருபது அடிதான்.

வார்டன் பின்னாலேயே வந்தார். "இவ்வளவு நாளா எங்களுக்குத் தண்ணி இல்லையா?"

"இல்ல."

"அப்போ இஸ்திரிப்பெட்டி விஷயத்துல நீங்க எழுதின லெட்டர்?"

"தீ பெருசாகியிருந்தாலும் தண்ணி வந்திருக்காது. தப்பு என்னோடது."

அவர் திட்டியிருந்தால் தேவலாம். கட்டில்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

புது மீட்டரைப் பொருத்திவிட்டு, வால்வை நானே திறந்தேன். மெதுவாகத் திறக்க வேண்டும். குழாய்களுக்குள் காற்று முனகிக்கொண்டே ஓடியது, பிறகு தண்ணீர் ஏறும் சத்தம், கூரை நெடுக யாரோ நடந்து போவதுபோல. பதினான்கு சுற்று. புது முள் நடுங்கி, ஏறி, ஆறரையைத் தாண்டி, ஏழுக்கு அருகில் ஆடிக்கொண்டே நின்றது. உயிருள்ள முள் ஆடும். இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஓனர் கீழே காத்திருந்தார். "தொறந்தாச்சுல்ல மேடம்? ஒண்ணும் ஆகலையே. அப்புறம் எதுக்குப் பேப்பர்ல ஏத்தணும்? செத்த மனுஷர் பேரையும் இழுக்கணுமா?"

அந்தக் கடைசிக் கேள்வி என்னைப் பிடித்து நிறுத்தியது. என் கணவரை நல்லவர் என்று தெரிந்துகொண்ட அதே நாளில், அதே கையால், அவர் தப்பையும் எழுத வேண்டும். தப்பை மறைத்தால், சாவி எங்கே கிடைத்தது என்பதையும் மறைக்க வேண்டும். ஓனருடைய மேஜையிலேயே உட்கார்ந்து எழுதினேன். 'வால்வை மூடி, கார்டு மாட்டாமல் விட்டவர்: என் கணவர். திறப்பதற்குள் இறந்துவிட்டார். நான்கு வருடம் பார்க்காமலே பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவர்: நான்.' ஒரு நகல் ஓனருக்கு, ஒன்று வார்டனுக்கு. வேலை போனால் போகட்டும்.

வீட்டுக்கு வரும் வழியில் அக்காவுக்குப் போன் செய்தேன். "சாவி கிடைச்சிருச்சு."

"எந்த வீட்ல?"

"நாப்பத்திரண்டு பொம்பளைங்க இருக்கற வீட்ல" என்றேன். நன்றாக வேண்டும் என்று வைத்துவிட்டேன்.

ஏழு மணிக்குச் சத்தம் வந்தது. தட், தட். மேல் பை, பிறகு கீழ்ப் பை. சாவி என் கையில் இருந்தது. நான்கு வருடத்தில் முதல் தடவையாக எழுந்துபோய்க் கதவைத் திறந்தேன். வாசலில் யாரும் இல்லை. எதிர்வீட்டு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"தொறந்தாச்சுங்க" என்றேன். "பதினாலு சுத்து. நானே எண்ணினேன். உள்ள வாங்க."

கொஞ்ச நேரம் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன், அவர் செருப்பைக் கழற்ற நேரமாகும் என்று.