பெருக்காத வீடு

அமரர் ஊர்தியின் பின்கதவுத் தாழ்ப்பாளை விருத்தாசலம் இழுத்துப் பார்த்தார். இரண்டடி நகர்ந்தவர் திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்த்தார். "அதெல்லாம் நல்லாத்தான் கீது பெர்சு, ஏறு" என்றான் வண்டிக்காரப் பையன். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவருக்குத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்ல அவனுக்குத் தைரியம்தான். வேறு நாளாக இருந்திருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். அவர் முன் சீட்டுக்குப் போகாமல் பின்னால் ஏறி மகன் கோபிக்கு எதிரே உட்கார்ந்தார். இருவருக்கும் நடுவில் கோபியின் அம்மா வீரம்மாள் வெள்ளைத் துணிக்குள் கிடந்தாள்.

விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் விடிகிற நேரத்தில் உயிர் போயிருந்தது. இனி திண்டிவனத்துக்கு, வீட்டுக்கு. கோபியின் சட்டைப் பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. பார்க்காமலே தெரியும், அதே தெரு இருதயராஜ் அண்ணன்தான்.

இருதயராஜ் புதிதாகப் பன்னிரண்டு சக்கர லாரி எடுத்திருந்தார். மாற்றி மாற்றி ஓட்ட, வருமானத்தில் பங்குக்கு, நம்பிக்கையான ஆள் வேண்டும். நாக்பூர் லோடு ஏற்றியாகிவிட்டது. வருகிறாயா இல்லையா என்று இன்றைக்குள் சொல்ல வேண்டும் என்பது போன வாரப் பேச்சு. கோபிக்கு ரேஷன் கடையில் விற்பனையாளர் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம், வயதானால் ஓய்வு. ஆனால் அரிசி நிறுத்து, பாமாயில் எடுத்துக் கொடுத்து, கைரேகை பதியாத கிழவிகளிடம் திட்டு வாங்கி அவனுக்கு வாழ்க்கையே சலித்துவிட்டிருந்தது. ஓசைப்படாமல் ஹெவி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தான்.

ஆஸ்பத்திரியில் அம்மாவிடம் மட்டும் சொன்னான். அவள் வெகுநேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "புனிதாவ கேட்டியா?" என்றாள். கேட்டுவிட்டேன் என்றான். அது பொய்யில்லை. மனைவி புனிதா அரிசி களைந்தபடியே, "உங்க இஷ்டம்ங்க" என்று சொல்லியிருந்தாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது அவன் சாமர்த்தியம்.

விக்கிரவாண்டி சுங்கச்சாவடி தாண்டியதும் விருத்தாசலம் வாயைத் திறந்தார்.

"லோடு எடுத்துக்கினு கெளம்பறப்போ டயருக்கு அடில பழம் வெப்பா. தண்ணித் தொட்டி முனைல திரும்பற வரிக்கும் கண்ணாடில அவளத்தான் பாப்பேன். நின்னுக்கினே இருப்பா." துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "வண்டி திரும்பனப்பறம் இன்னா பண்ணுவா?"

அப்பாவுக்கு அது தெரியாது என்பதே கோபிக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் பார்த்ததெல்லாம் கண்ணாடிக்குள் நின்ற அம்மாவை. மிச்சத்தைப் பார்த்தவன் அவன்தான்.

அம்மா நசுங்கிய எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி வேலியோரம் போடுவாள். உள்ளே வருவாள். துடைப்பத்தை எடுத்துக் கதவுக்குப் பின்னால் சாத்திவிடுவாள். ஊருக்குப் போனவர் போய்ச் சேருமுன் வீட்டைப் பெருக்கக் கூடாது. மற்ற வீடுகளில் அது ஒரு நாழிகை, இரண்டு நாழிகை. லாரிக்காரர் வீட்டில் அது நாள் கணக்கு. முனை மருந்துக் கடைக்கு அப்பாவின் போன் வந்து, கடைக்காரர் ஆள் அனுப்பிச் சொல்கிறவரை வீடு கிடந்தது கிடந்தபடியே கிடக்கும்.

கோபிக்கு அந்த நாட்கள் கொண்டாட்டம். மற்ற நாளில் ஒரு வேர்க்கடலைத் தோல் கீழே விழுந்தால் முதுகில் ஒன்று விழும். அந்த நாட்களில் வறுத்த மல்லாட்டையை உரித்து வீடெல்லாம் இறைக்கலாம். காலடியில் தோல் நொறுங்க நொறுங்க ஓடலாம். அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். தோலுக்கு நடுவிலேயே பாயை விரித்து அவனைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, அப்பா இந்நேரம் எந்த ஊரில் இருப்பார் என்று சொல்லிக்கொண்டே வருவாள். கிருஷ்ணகிரி, பெங்களூரு, அனந்தப்பூர். அவள் சொன்ன ஊர்களில்தான் அவனுக்கு லாரி ஆசையே பிடித்தது. அப்பா அடிக்கடி போகக் கூடாதா என்றுகூட வேண்டிக்கொண்டிருக்கிறான். போன் வந்துவிட்டால் போதும், அம்மா பேய் பிடித்தவள்போல் வீட்டைப் பெருக்கித் தள்ளுவாள். அவளுக்குச் சோம்பல் போலிருக்கிறது என்றுதான் அன்றைக்கு நினைத்தான்.

"வூட்ட பெருக்க மாட்டாப்பா" என்றான். "உன் போன் வர்ற வரிக்கும்."

விருத்தாசலம் துணி மூடிய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செல ட்ரிப்பு நான் போனே போட மாட்டேன்டா" என்றார்.

வண்டி திண்டிவனத்துக்குள் திரும்பியது.

வீட்டில் பந்தல் போட்டு நாற்காலிகள் வந்திருந்தன. அத்தைகள் மாரடித்து அழுதார்கள். புனிதா அழுதாள், அழுதுகொண்டே வந்தவர்களுக்குக் காபியும் கொடுத்தாள். வெயில் தாழ எடுத்துவிட்டார்கள். பாடையில் ஒரு பக்கம் இருதயராஜ் தோள் கொடுத்தார். லாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கொள்ளி வைத்துவிட்டு மொட்டைத் தலையோடு கோபி திரும்பியபோது வீடு ஈரமாக இருந்தது. பிணம் தெருமுனை தாண்டியதும் பெண்கள் குடம் குடமாக ஊற்றிக் கழுவிவிட்டிருந்தார்கள். நிலைப்படி வரை வந்த விருத்தாசலம் ஈரத்தரையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அதுக்குள்ள கழுவிட்டீங்களா?"

கழுவாமல் எப்படி, வழக்கம்தானே என்றாள் பெரிய அத்தை. அவர் தலையாட்டினார். உள்ளே போகவில்லை. பந்தலுக்குத் திரும்பி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இருதயராஜ் கோபியின் அருகில் வந்தார். லோடை இதற்கு மேல் நிறுத்த முடியாது, இந்த ட்ரிப்புக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறேன், நீ காரியமெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகச் சொல் என்றார். நல்ல மனுஷன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"வேற ஆளப் பாத்துக்கண்ணே. நான் கடைக்கே போறேன்."

"நல்லா யோசிச்சியா?"

"ஆமாண்ணே. போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு."

இருதயராஜ் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தெருக்கோடியில் நின்றிருந்த லாரி உறுமிக் கிளம்பியது. அந்தச் சத்தம் கேட்டதும் பின்னாலேயே ஓடி ஏறிவிடலாம் என்று கோபிக்குக் கால் பரபரத்தது. ஆசை அவ்வளவு சுலபத்தில் விடுமா? நின்ற இடத்திலேயே நின்று பார்த்தான். தண்ணித் தொட்டி முனையில் வண்டி திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் நின்றான்.

முதுகுப் பக்கம் துடைப்பச் சத்தம் கேட்டது. பந்தலுக்குக் கீழே சிதறிக் கிடந்த பொரியையும் சாமந்தியையும் பெருக்க புனிதா குனிந்திருந்தாள்.

"இப்ப வேணாம் புனிதா" என்றான்.

"ஏங்க? மிதிபட்டுக்கினு கெடக்குதே."

"அண்ணன் போன் வரட்டும்."

நாற்காலியில் இருந்த விருத்தாசலம் நிமிர்ந்து மகனைப் பார்த்தார். புனிதா துடைப்பத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். தெரு முழுக்கப் பொரி அப்படியே கிடந்தது.