இறால் படாத வாணலி

தாய்லாந்தின் பாக் மெங் படகுத்துறைக்கு எதிரே ஜிந்தனா சாப்பாட்டுக்கடை நடத்த ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. சுற்றுலா வழிகாட்டி சுதேப் ஒருநாள்கூடத் தன் பயணிகளை அங்கே கூட்டிவந்ததில்லை. கடற்கரைக் கோடியில் இருக்கும் ஏசி உணவகம்தான் அவனுக்கு வாடிக்கை. அன்றைக்கு அங்கே கல்யாண விருந்து, இடமில்லை. வேறு வழியில்லாமல் பதினோரு பேரோடு ஜிந்தனாவின் கடை வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, எல்லாரும் வெளிநாட்டுக்காரங்க. காரத்தைக் குறைச்சு, சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலா போடுங்க. ஒன்றரைக்குப் படகு."

"விடியக்காலை வச்ச குழம்புலேர்ந்து காரத்தை எப்படித் தம்பி எடுக்கறது? வடிகட்டவா?"

"நாக்கு செத்த ஜனங்க அக்கா."

"செத்த நாக்கை நான் எழுப்பிக்கறேன். நீ போய் உக்காரு."

முதலில் சூடான சோறும் முட்டைப் பொரியலும் போயின. பிறகு வெள்ளரியும் பச்சைப் பயற்றங்காயும் குவித்த தட்டுகள். நாக்கைத் தேற்ற இவை பக்கத்தில் இருந்தால் போதும் என்பது ஜிந்தனாவுக்குத் தெரியும். அதன்பின்தான் மஞ்சள் நிறப் புளிக்குழம்பை இறக்கினாள். முகம் தக்காளியாய்ச் சிவந்த ஒரு தடித்த மனிதர், வியர்வையைத் துடைத்துக்கொண்டே மூன்றாம் முறை தட்டை நீட்டினார். ஜிந்தனா சுதேப்பைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். அவன் செல்போனை நோண்டுவதுபோல் குனிந்துகொண்டான்.

ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பெண் மட்டும் வெறும் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"அவங்களுக்கு என்ன?"

"இறால் ஒத்துக்காதாம். எதுலயும் இறால் இல்லன்னு சொல்லிடுங்க. மசாலாவுல ஒரு துளி இறால் விழுதுதானே போடறீங்க!"

ஜிந்தனா அந்தப் பெண்ணிடம் போனாள். அந்தப் பெண் தன் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினாள். தாய்லாந்து மொழியில் அச்சடித்திருந்தது: இறால் கொஞ்சம் பட்டாலும் எனக்கு மூச்சு அடைத்துவிடும்.

"சுதேப், இதைப் படிச்சியா நீ?"

"எல்லாரும் இப்படித்தான் அட்டை நீட்டறாங்க அக்கா. ஒருத்தருக்கு கோதுமை வேணாம், ஒருத்தருக்கு பால் வேணாம்..."

"இங்க மூச்சுன்னு எழுதியிருக்கு. உன் துளி உள்ள போய் மூச்சு நின்னா, படகுல யாரை ஏத்துவே?"

தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், ஒவ்வொரு சட்டியாகக் காட்டி, "இதில் இறால். இதிலும் இறால்" என்றாள். ஒன்பது சட்டியிலும் இருந்தது. அந்தப் பெண்ணின் முகம் வாடவில்லை. இறுகியிருந்த தோள்கள்தான் தளர்ந்தன. வந்த நாள் முதல் எல்லோரும் "இல்லை, இல்லை" என்று சிரித்தே அனுப்பியிருந்தார்கள். "இருக்கிறது" என்று நேராகச் சொன்னது இவள்தான்.

"அஞ்சு நிமிஷம்" என்று விரல்களை விரித்துக் காட்டினாள் ஜிந்தனா.

கைகளை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். பல வருஷமாக இறால் விழுது ஊறிய கல் உரலைத் தொடவில்லை. சுவரில் தொங்கிய, எண்ணெயே காணாத புது வாணலியை எடுத்தாள். வாழையிலை மேல் பூண்டு, மஞ்சள், மிளகை வைத்துப் புதுக் கத்தியின் பட்டையால் நசுக்கினாள். கொடுவா மீனில் உப்போடு சேர்த்து அதைப் பூசி, புதிதாகப் பிரித்த எண்ணெயில் போட்டாள். பூண்டு பொன்னிறமாகி மணம் கடை முழுக்கப் பரவியது.

"அக்கா, படகு போயிடும்!" என்று சுதேப் துடித்தான்.

"எப்படிப் போகும்? ஓட்டற நரோங் உன் பின்னாடி ரெண்டாவது தட்டு சாப்பிட்டுட்டு இருக்கான்."

நரோங் வாய் நிறையச் சோற்றோடு கையை ஆட்டினான்.

எலுமிச்சையைப் பிழிந்து மீனை நீட்டியபோது அந்தப் பெண் ஜிந்தனாவை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தாள். வேறெதுவும் கேட்காமல் சாப்பிட ஆரம்பித்தாள். கடைசியில் தட்டில் நடுமுள் மட்டும் கிடந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் அதே மீனைக் கேட்டார்கள். ஜிந்தனா இன்னும் நான்கு பொரித்தாள். படகு இரண்டு மணிக்குத்தான் கிளம்பியது. சுதேப் அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே போனான். அவளும் அதைப் பொருட்படுத்தவில்லை.

அடுத்த வாரம் அவனிடமிருந்து போன் வந்தது.

"அக்கா, நாளைக்கு எட்டுப் பேர். ஒருத்தருக்கு நிலக்கடலை ஆகாது. அட்டையைப் படிச்சுட்டேன்."

"அப்ப கூட்டிட்டு வா" என்றாள் ஜிந்தனா.