ஏழாம் படத்துப் பெண்ணின் விடுப்பு

புக்கிட் ரோத்தான் ஊரைத் தாண்டி உள்ளே இருக்கும் தோட்டத் தமிழ்ப்பள்ளிக்கு அருங்காட்சியகம் இரவல் கொடுத்த ஓவியப் பெட்டியில், ஏழாம் படத்துப் பெண் தினமும் காலையில் காணாமல் போய் மதியம் திரும்பிவந்தாள். மற்றப் படங்களில் இருந்தவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். மீன்காரர் மீன் விற்றார், பட்டம் விடுகிறவர் பட்டம் விட்டார். ஏழாம் படத்தில் மட்டும், பள்ளி தொடங்கும்போது ரப்பர் மரங்களும் அவற்றின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு வெளிறிய இடமும்தான் மிஞ்சும். காட்சிக்கலை ஆசிரியை கண்மணிக்கு அதில் பெரிய வியப்பில்லை. பாடம் நடத்த முடியவில்லை என்பதுதான் கவலை.

பெட்டி எதற்கென்று சொல்லிவிட வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளைத் தலைநகருக்கு அழைத்துப்போக எளிதில் பேருந்து கிடைக்காது. அதனால் அருங்காட்சியகம் தன் ஓவியங்களைக் கெட்டித் துணியில் அச்சிட்டு, பெட்டியில் அடுக்கி, பள்ளித் தவணை முடியும்வரை பள்ளியில் வைத்துக்கொள்ளக் கொடுக்கும். கூடவே ஓர் ஆசிரியர் கையேடும் வரும். அது ஓவியரின் பெயரையும் ஆண்டையும் எடுத்த எடுப்பில் சொல்லாது. முதலில் பார்க்கச் சொல்லும். நடுவில் யார்? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? அப்படியானால் அது காலையா, மாலையா? பிள்ளைகள் கண்ணால் கண்டதைச் சொல்லி முடித்த பிறகுதான், அந்த ஓவியர் எந்தக் காலத்தில், எதற்காகத் தோட்டத்தை வரைய வந்தார் என்ற வரலாறு வரும். நல்ல முறைதான், நடுவில் ஆள் இருந்தால்.

"நடுவுல யாரு நிக்கிறா?" என்று முதல் வாரம் கண்மணி டீச்சர் கேட்டார்.

"யாரும் இல்ல டீச்சர்," என்றான் ஷர்வின்.

"நல்லாப் பாரு."

"நல்லாப் பாத்தாலும் மரந்தான் டீச்சர். நடுவுல எம்ட்டி லா."

"வேலைக்குப் போயிருப்பாங்கடா," என்றாள் பின்வரிசைக் கவிநிலா. வகுப்பு சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டு, மரங்களை மட்டும் வைத்து எப்படியோ பாடத்தை முடித்தார்.

கவிநிலா சொன்னதுதான் நடந்துகொண்டிருந்தது. படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தும், அலமாரியில் பூட்டி வைத்தும் பார்த்தார் டீச்சர். பெண் போவதும் வருவதும் நிற்கவில்லை. அந்தத் தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய்க்காகச் செம்பனை நட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ரப்பர் பால் எடுக்கச் சீவுவதற்கு மரம் தேடிக் காலை முழுக்கச் செம்பனைக்குள் அலைந்துவிட்டு, அவள் வெறும் வாளியோடு வந்து நிற்பாள். சேலை ஓரத்தில் பனைமட்டை முள் கிழித்திருக்கும். தோள்கள் நாளுக்கு நாள் இறங்கின. இரண்டாம் மாதம் கணுக்கால்வரை சேறு ஏறி, அச்சுத் துணியிலேயே காய்ந்துபோனது.

தலைமையாசிரியர் சிதம்பரநாதன் கெட்டவர் இல்லை. அவரும் களைத்திருந்தார். "ஆளில்லாத படத்துக்கு ஒரு பாடவேளையா டீச்சர்? பேசாம கணக்குக்குக் குடுத்துருங்களேன்," என்றார். மதியத்துக்கு மாற்றித் தரும்படி கண்மணி கேட்டார். மதியம் ஏற்கெனவே கணக்குக்குப் போயிருந்தது. காலை வகுப்பு, பிள்ளைகளுக்குப் பால் விநியோகம், விளையாட்டுப் பயிற்சி, கணினியில் தேர்வுப் புள்ளிகள் ஏற்றுவது, பிறகு ஜெராமில் இருக்கும் வீடு வரை மோட்டார் சைக்கிள். இதற்கு நடுவே கண்மணி விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது அந்த ஒரு பாடவேளையைத்தான்.

அருங்காட்சியகக் கல்வி அதிகாரி பிரேமளா பெட்டியைச் சரிபார்க்க வந்தபோது மதியமாகிவிட்டது.

"இருக்காங்களே டீச்சர்."

"காலையில இருக்க மாட்டாங்க மேடம்."

"ஓ, வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டுக் குனிந்து பார்த்தார். அவர் முகம் மாறியது. "இந்தச் சேறு மூலப் படத்துல இல்லையே. தோளும் இப்படித் தொங்காது. இப்படியே விட்டா ஒருநாள் திரும்பி வராமலே போயிருவாங்க டீச்சர். படம் கெட்டுப்போச்சுன்னா இந்த வட்டாரத்துக்கே இனிமே பெட்டி அனுப்ப மாட்டாங்க. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அதற்கடுத்த வாரம் கடல் பக்கமிருந்து மழை வந்தது. பள்ளியின் மணி என்பது ஒரு தண்டவாளத் துண்டு. முன்பு தோட்டத்தில் விடியுமுன் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடுவார்கள், அதற்குப் பெரட்டு என்று பெயர். அந்தப் பெரட்டுக்கு அடித்த இரும்புதான் இது. வேகமாக, விடாமல் அடித்தால் வேலைக்கு வா என்று பொருள். மழை நாளில் ரப்பர் பால் கோப்பையில் தண்ணீர் கலந்துவிடும், மரத்தைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டு நடக்காது. அப்போது வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மூன்று முறை நிதானமாக அடிப்பார், ஆட்கள் தங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள். பள்ளிக் காவலர் சோமு அந்த லயத்தில் பிறந்தவர். ஆசிரியைகள் குடையோடு ஓடிவருவதைப் பார்த்ததும் அவருக்குக் குறும்பு வந்தது. வழக்கமான மணிக்குப் பதிலாக மூன்று முறை நிதானமாக அடித்து, "எல்லாரும் வீட்டுக்குப் போங்க டீச்சர், இன்னைக்குப் பால்வெட்டு இல்ல!" என்று கத்தினார்.

"விளையாட்டா சோமு அண்ணே?" என்று தலைமையாசிரியர் அதட்டினார்.

கண்மணி டீச்சர் ஈரக் கையோடு ஏழாம் படத்தை மாட்டினார். பெண் இருந்தாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மரத்தில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

டீச்சர் வெகுநேரம் பார்த்தார். இத்தனை நாளும் மணியடித்து அவளை வேலைக்கு அனுப்பியது தாங்கள்தான் என்று அப்போது விளங்கியது. மறுநாள் வெயில். சோமு வழக்கம்போல் வேகமாக அடித்தார், பெண் போய்விட்டாள். டீச்சர் படத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

"அண்ணே, மழை மணி அடிங்க."

"வெயிலு கொளுத்துது டீச்சர்."

"அடிங்கண்ணே, ஒரு ஆளுக்கு லீவு."

சோமு அடித்தார். அடுத்த தாமான் குடியிருப்பில், முன்பு தோட்டத்தில் பால் வெட்டிய இரண்டு கிழவர்கள் மறுபடி படுத்துக்கொண்டார்கள். படத்தில் மரங்களுக்கு இடையே ஓர் உருவம் சிறிதாகத் தெரிந்து, பெரிதாகி, நடுவில் வந்து உட்கார்ந்தது.

"நடுவுல யாரு?"

"ஒரு அம்மா உக்காந்திருக்காங்க டீச்சர்."

"வெளிச்சம்?"

"இடது பக்கமிருந்து. காலைதான்."

"காலையில ஏன் வேலை செய்யாம இருக்காங்க?"

"லீவு டீச்சர்," என்றாள் கவிநிலா.

"உங்களுக்கு எப்ப டீச்சர் லீவு?" என்றான் ஷர்வின். கண்மணி டீச்சர் கையேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

தவணை முடிவதற்குள் சேறு தானாக உதிர்ந்தது, தோள்கள் நிமிர்ந்தன. மூலப் படத்திலும் அவள் உட்கார்ந்துவிட்டதாகப் பிரேமளா தொலைபேசியில் சொன்னார், பெயர்ப் பலகையை மாற்றிவிட்டார்களாம். கணக்குக்குப் பாடவேளை போகவில்லை. பெட்டி அடுத்த ஆண்டும் வந்தது, அதற்கடுத்த ஆண்டும் வந்தது. இப்போதைய கையேட்டில், ஏழாம் படத்துக்கான கேள்விகளுக்கு மேலே ஒரு குறிப்பு இருக்கிறது. தோட்டத்து இரும்பை மணியாகப் பயன்படுத்தும் பள்ளிகள், காலை மணிக்குப் பின் மூன்று முறை நிதானமாக அடிக்கவும். பெண் வந்து உட்காருவாள். அதன்பின் பாடத்தைத் தொடங்கலாம்.