தொழில் இல்லாத ஐம்பத்திரண்டு பேர்

பல்கலைக்கழகத்துப் பெண்கள் ஆய்வுப் பிரிவு என்றதும் பெரிய கட்டடம் ஒன்றை நினைத்துவிட வேண்டாம். ஓர் அறை, ஓர் அலுமாரி, நாலு கதிரை, ஞானேஸ்வரி என்ற ஒரேயொரு விரிவுரையாளர். தொண்ணூற்றொன்பது மார்கழியில் அந்த அறைக்கும் ஆபத்து வந்தது. உடைந்த மேசைகளைப் போட இடமில்லை, அறையைத் திருப்பித் தாருங்கள் என்று பீடாதிபதி ராஜரத்தினம் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பிரிவின் முதல் ஆய்வைக் காட்டித்தான் அதைக் காப்பாற்ற வேண்டும். ஞானேஸ்வரிக்குத் துளியும் பயமில்லை. ஆய்வுதான் கையில் இருக்கிறதே.

திங்கட்கிழமை அதை வாசித்தபோது தலை சுற்றியது. வவுனியாவுக்கு வெளியே ஒரு குடியேற்றக் கிராமம். அறுபது வீடுகள். அவற்றில் ஐம்பத்திரண்டு வீட்டுப் பெண்களுக்குத் தொழில் இல்லையாம்.

"சுரேகா, இதை ஆர் சொன்னது?"

விவரம் எடுத்து வந்த மாணவி சுரேகா ஒளிவுமறைவு தெரியாத பிள்ளை. "வீட்டிலை நிண்ட ஆம்பிளையள், மிஸ்."

"பொம்பிளையளைக் கேக்கேல்லையோ?"

"அவையள் வீட்டிலை இல்லை, மிஸ். வயல் வேலைக்குப் போட்டினம்."

சொல்லி முடித்த பிறகுதான் சுரேகா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோபம் வரவேண்டிய இடத்தில் ஞானேஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறுபது படிவங்களையும் தூக்கி மூலையில் போட்டார். மறுநாள் காலை இருவரும் சைக்கிளில் வயலுக்கே போனார்கள்.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய அழகம்மா முழங்கால் சேற்றில் நின்று களை பிடுங்கிக்கொண்டிருந்தார். ஞானேஸ்வரி வரப்பில் நின்றபடி புதுப் படிவத்தை விரித்தார்.

"என்ன தொழில் செய்யிறீங்கள், அம்மா?"

"தொழில் ஒண்ணுமில்லீங்க." கை மட்டும் நிற்கவில்லை. "சும்மாதான் இருக்கேன்."

ஆண்களை ஒரு பிடி பிடிக்கலாம் என்று வந்தவர் கையிலிருந்த படிவத்தைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வியை எழுதியது வேறு யாருமில்லை, அவரேதான். வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு வரப்பில் நிற்கிற ஆளா அவர்? கேள்வியைக் குறுக்கே வெட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கினார்.

"அதை விடுங்கோ. நேற்று எழும்பினதிலையிருந்து என்ன செய்தனீங்கள்? ஒண்டும் விடாமல் சொல்லுங்கோ."

அழகம்மா சொல்லத் தொடங்கினார். கிணறு, விறகு, அடுப்பு, ஆடு, பாயில் கிடக்கும் மாமனாருக்குக் கஞ்சி, பிறகு இரண்டு வயலில் களை. சுரேகா எழுதினாள். படிவத்தின் பின்பக்கமும் நிறைந்து கொப்பியில் தாள் கிழித்தபோது, கதை மத்தியானத்துக்குத்தான் வந்திருந்தது. வியாழன் பின்னேரத்துக்குள் ஏழு பேரைத்தான் கேட்க முடிந்தது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ராஜரத்தினம் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு அழகம்மாவின் தாள்களைப் புரட்டினார்.

"ஒரு மனுசியின்ரை ஒரு நாளுக்கு ஆறு பக்கமோ?"

"சுருக்கித்தான் எழுதினது, சேர்."

அவர் சிரித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தார்.

"இந்த மனுசி எப்ப படுத்தது?"

"அது ஆறாம் பக்கத்திலை, சேர்."

ஒரு பக்கமும் தவறவிடாமல் ஆறாம் பக்கம் வரைக்கும் வாசித்தார்.

"சரி, ஞானேஸ்வரி. உடைஞ்ச மேசையளுக்கு வேறை இடம் பாப்பம்."

"உங்கடை அறைக்குப் பக்கத்து அறையிலை மட்டும் போட்டிடாதேங்கோ, சேர்," என்றார் ஞானேஸ்வரி. "மிச்சம் ஐம்பத்திமூண்டு வீடு கிடக்கு. அந்தத் தாளெல்லாம் வைக்க எங்களுக்கு அது வேணும்."