இடது கை விரிந்த படம்

அந்த நடிகனுக்கு நடிக்கத் தெரியாது. யாரோ சொல்லிக் கேட்டு இதைச் சொல்லவில்லை. சொந்தக் காசு போட்டுப் பதினொரு படம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அழ வேண்டிய இடத்தில் தும்மல் வரப்போகிறவன் மாதிரி மூக்கைச் சுருக்குவான். கோபப்பட வேண்டிய இடத்தில் கழுத்து நரம்பு மட்டும் புடைக்கும், கண் தூங்கிக்கொண்டிருக்கும். ரயில் கூரையில் சண்டை போட்டு, ஆற்றில் விழுந்து, சேற்றில் புரண்டு கரையேறினாலும் தலைமுடி வாரியது வாரியபடியே இருக்கும். ஊரில் அவனுக்கு என்னென்னவோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள். நான் வைத்த பெயர் சீப்பு.

படங்களின் பெயர் எனக்கு மனதில் நிற்பதில்லை. ரயில் படம், கப்பல் படம், வக்கீல் படம் என்றுதான் அடையாளம். ரயில் படம் பரவாயில்லை. கதை என்று ஒன்றுமில்லை, ஆனால் கூரையிலிருந்து குதிக்கிற இடம் சுத்தமான வேலை. கப்பல் படத்தில் மூன்று தடவை தண்ணீரில் விழுகிறான், அதில் இரண்டாவதுதான் உருப்படி. வக்கீல் படம் சுத்தத் தண்டம். இரண்டரை மணி நேரம் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு பேசுகிறான், பேசுகிறான், ஒரு படிக்கட்டில்கூட உருளவில்லை. இடைவேளையிலேயே எழுந்து வந்துவிட்டேன். அண்ணன் தம்பி என்று இரண்டு வேடம் போட்ட படம் ஒன்று உண்டு. அதில் இரண்டு பேருக்குமே நடிக்கத் தெரியவில்லை.

தியேட்டரில் டிக்கெட் கிழிக்கிறவனுக்கு என்னைக் கண்டால் கொண்டாட்டம்.

"வாங்க பெரியவரே! உங்க ஆளு படம்னா மொத நாளே ஆஜராயிடுறீங்களே. ரசிகர் மன்றத்துல பேரு எழுதட்டா?"

"ஒழுங்கா கிழிடா. சீட்டு நம்பரையும் சேத்துக் கிழிச்சுடுற."

"இந்த வயசுல ஒரு நடிகர் மேல இவ்வளவு பாசம் ஆகாது."

"பாசம்… உன் மூஞ்சி."

மதியக் காட்சிக்குத்தான் போவேன். வீட்டில், முட்டிவலிக்கு டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்பேன். அந்த டாக்டருக்கு வைத்தியமே தெரியாது என்று என் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

நான் பார்க்கப் போவது சீப்பை அல்ல, சீப்புக்குப் பதிலாக விழுகிறவனை. அவன் என் மகன்.

முப்பத்தெட்டு வருஷம் கட்டடங்களுக்குச் சாரம் கட்டினேன். குழாயை நிறுத்தி, கிளாம்ப் முடுக்கி, பலகை போட்டு, தட்டுமேல் தட்டாக ஏற்றிக்கொண்டு போகிற வேலை. மகன் இருபது வயதில் என்னோடு வந்தான். ஒருநாள் இரண்டாவது தட்டிலிருந்து மணல் குவியல்மேல் விழுந்தான். எழுந்து உட்கார்ந்து இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "கைய தூக்க முடியலப்பா" என்றான். அன்றைக்கு மேல்தட்டு முடித்தாக வேண்டும். ஆள் குறைவு. வேலைக்கு மட்டம் போட இப்படிக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்கள் எத்தனை பேரைப் பார்த்தவன் நான்!

"டூப்பு விடாதடா. ஏறு மேல" என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

ஏறினான். சாயங்காலம் வரை ஒற்றைக் கையால் குழாய் எடுத்துக் கொடுத்தான். எலும்பு முறிந்திருந்தது. கோணலாகத்தான் கூடியது. அதற்குப் பிறகு அந்தக் கை முழுசாக நீளாது.

கட்டுப் பிரித்த வாரமே வீட்டைவிட்டுப் போனான். ஏழெட்டு மாதம் கழித்து அவன் அம்மாவுக்கு ஃபோன் வந்தது. அவள் வாயெல்லாம் பல்லாக என்னிடம் ஓடிவந்தாள்.

"தம்பிக்கு வேலை கெடைச்சிடுச்சுங்க! சினிமாவுல!"

"என்ன வேலை?"

"டூப்பாம்."

"அதத்தானே நானும் சொன்னேன்."

"ஐயோ, அந்த டூப்பு இல்லங்க. அந்த நடிகர் விழுற எடத்துல எல்லாம் அவருக்குப் பதிலா இவன் விழுவானாம். ரெண்டு பேருக்கும் ஒரே உசரமாம், ஒரே தோளாம்."

நான் எந்தச் சொல்லால் அவனைத் திட்டினேனோ அந்தச் சொல்லையே அவன் பிழைப்பாக எடுத்துக்கொண்டான். என்னைக் குத்துவதற்காகவே போய்ச் சேர்ந்தானோ என்று பல நாள் சந்தேகப்பட்டேன். ஆயிற்று எட்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு ஃபோன் பண்ணுவான். "அப்பா எப்படி இருக்காரு?" என்பான். "இருக்காரு" என்பாள். எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

திரையில் அவனைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. விழுகிற மனிதனின் இரண்டு கையும் காற்றைப் பிடிக்கப் போகும். யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, தானாகப் போகும். என் மகன் விழும்போது மட்டும் இடது கை மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். அந்தக் கையைக் காப்பாற்றிக்கொண்டுதான் அவன் எங்கிருந்தும் விழுவான். முதுகுதான் தெரியும். இரண்டு நொடிக்கு மேல் இருக்காது. கை மடங்கிவிட்டால் அவன்தான். டிக்கெட் காசு வசூலாகிவிட்டது, எழுந்து வெளியே வந்தாலும் நஷ்டமில்லை.

பதினோராவது படம் போன மாதம் வந்தது. கட்டடப் படம். அடியாட்கள் துரத்த, கட்டி முடிக்காத ஒரு கட்டடத்தின் சாரத்தில் சீப்பு ஏறுகிறான். சாரத்தைப் பார்த்ததுமே குழாய்களை எண்ண ஆரம்பித்தேன். குறுக்குக் குழாய் போதாது. நான்காவது தட்டில் ஒரு பலகையின் முனை, தாங்குகிற குழாயைத் தாண்டி அளவுக்குமேல் நீட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வேலையில் அப்படி விட்டவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்புவேன். சினிமாவுக்குத்தானே, பார்வைக்குக் கட்டியிருப்பார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்தத் தட்டில் ஓடிவந்தது என் மகன். பலகையின் நுனிவரை ஓடி, அங்கிருந்து குதிக்க வேண்டும். அவன் குதிக்கவில்லை. நுனிக்கு வரும் முன்பே பலகை மறுமுனையில் தூக்கியது. கால் வழுக்கியது. இடது கை விரிந்தது.

எட்டு வருஷமாக வயிற்றைவிட்டு விலகாத கை, குழாயைப் பிடிக்கப் போனது.

அடுத்த நொடி சீப்பு கீழே அட்டைப்பெட்டிக் குவியலிலிருந்து எழுந்து, சட்டையைத் தட்டிவிட்டு ஏதோ வசனம் பேசினான். தியேட்டரே விசிலடித்தது. எனக்கு முன்வரிசையில் இருந்தவன் பக்கத்திலிருந்தவன் தொடையில் ஓங்கித் தட்டி, "செம ஃபைட்டுடா!" என்றான். எனக்கு அதற்குப் பிறகு படம் ஓடியதே தெரியாது.

வெளியே வந்து அடுத்த காட்சிக்கு டிக்கெட் வாங்கினேன்.

"பெரியவரே, இப்பத்தானே வெளிய வந்தீங்க? நெஜமாவே முத்திடுச்சா?" என்றவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கிழித்துக் கொடுத்தான். நம்பர் தப்பாமல் கிழித்தான்.

இரண்டாம் தடவை கண் இமைக்காமல் பார்த்தேன். விழும்போது ஒரு கணம் தலை திரும்பி முகம் தெரிந்தது. தேடுகிறவனைத் தவிர யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வாய் திறந்திருந்தது. அது நடிப்புக்குத் திறந்த வாய் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் பையன் விழுந்துட்டான்."

"ஐயோ, எங்க? யார் சொன்னா?"

"சினிமாவுல."

"அதானேங்க அவன் வேலை?" என்று மூச்சை விட்டாள். "ஒரு நிமிஷத்துல கொல்லப் பார்த்தீங்களே."

"இது வேலைக்கு விழுறது இல்ல. நெஜமா விழுந்திருக்கான். பலகை தூக்கிடுச்சு."

"நீங்க எப்ப சினிமாவுக்குப் போனீங்க?"

மாட்டிக்கொண்டேன். "பஸ்ல போட்டான்."

"இன்னைக்கு வந்த படத்தையா?"

அவள் ஒரு சட்டையை உதறி மடித்தாள். "அந்தப் படம் எடுத்து ரெண்டு மாசம் ஆச்சு, அவனே சொன்னான். வாரா வாரம் பேசுறான், சிரிச்சுச் சிரிச்சுப் பேசுறான். அடிபட்டிருந்தா என்கிட்ட சொல்ல மாட்டானா?"

"சொல்ல மாட்டான்."

"ஏன்?"

ஏன் என்று எனக்குத் தெரியும்.

மகளுக்கு ஃபோன் போட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஆரம்பித்தாள்.

"அப்பா, பக்கத்து வீட்டுக்காரர் நம்ம கரண்ட்ட திருடுறார்னு சொன்னீங்க. தபால்காரர் லெட்டரப் பிரிச்சுப் படிக்கிறார்னு சொன்னீங்க. கல்யாணத்துக்கு முன்னாடி என் வீட்டுக்காரரோடது விக்குன்னு சொல்லி முடியப் புடிச்சு இழுத்தே பார்த்தீங்க. இப்ப இதுவா? அம்மாவ ஏம்ப்பா பயமுறுத்துறீங்க?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வாழ்நாள் முழுக்க ஒருத்தரையும் நம்பாதவன் பேச்சை யார் நம்புவார்கள்?

மகன் நம்பருக்கு நானே அடித்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் 'ஷூட்டிங்கில் இருக்கிறேன்' என்று அம்மாவுக்கு மெசேஜ் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருந்தேன். அந்த நாட்களில் நான் எத்தனை தடவை வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன் என்று அவளைக் கேட்டால் சொல்வாள்.

ஞாயிறு காலை ஃபோன் வந்தது. அவள் வழக்கம்போலச் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன். அவளுக்கு நம்பவே முடியவில்லை.

"தம்பி… அப்பா பேசணுமாம்டா" என்று சொல்லி, ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தாள்.

"என்னப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன். நீ எங்க இருக்க?"

"ரூம்லதாம்ப்பா. இன்னைக்கு லீவு."

"எழுந்து நட."

"என்னது?"

"செருப்பப் போட்டுக்கிட்டு நட. சத்தம் எனக்குக் கேக்கணும்."

சிரித்தான். "எதுக்குப்பா இதெல்லாம்?"

"நடடா."

கட்டில் முனகியது. ஃபோனை எங்கோ வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு டப், டப், டப் என்று வந்தது.

"பாருங்க, நடக்குறான். இப்பத் திருப்தியா?" என்றாள் மனைவி. அவள் கண் கலங்கியிருந்தது.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மேல்தட்டில் நடக்கிறவன் காலடியைக் கீழே நின்று கேட்டே முப்பத்தெட்டு வருஷத்தைக் கழித்தவன் நான். நடக்கிற கால் குதிகாலில் விழுந்து விரலில் எழும், ஒரு அடிக்குள் இரண்டு சத்தம் இருக்கும். இது பாயைத் தட்டுவது போலத் தட்டையாக, எல்லாம் ஒரே கனத்தில் வந்தது. பதினான்கு அடி. இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்க இடமில்லாத ரூம் என்று போன வாரம்தான் அம்மாவிடம் அலுத்துக்கொண்டான். பதினான்கு அடி நடந்தும் சுவர் வரவில்லை, அவன் திரும்பவும் இல்லை.

"போதுமாப்பா?" மூச்சு வாங்கியது.

"போதும். கையில மாட்டியிருக்கிற செருப்பக் கீழ வை."

முதலில் ஒரு செருப்பு தரையில் விழுந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. மனைவி சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எப்படிப்பா தெரியும்?"

"படம் பார்த்தேன்."

"இந்தப் படமா?"

"எல்லாப் படமும்."

அவன் மூக்கை உறிஞ்சினான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னான். இடுப்பு எலும்பில் விரிசல். விழுந்ததும் எழுந்து நின்று, சண்டை மாஸ்டரிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை விழ வைத்திருக்கிறார்கள். நான்காம் நாள் கால் ஊன்ற முடியவில்லை. இப்போது உள்ளே பிளேட் வைத்திருக்கிறது. ரூமில் கூட இருப்பவன் சாப்பாடு வாங்கி வைத்துவிட்டு வேலைக்குப் போகிறான். மாஸ்டரிடம், வீட்டில் கொஞ்சம் வேலை, ஊருக்கு வந்திருக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறான்.

"வலிக்குதுன்னு ஏண்டா அப்பவே சொல்லல?" என்று அவன் அம்மா ஃபோனைப் பார்த்துக் கத்தினாள்.

அவள் மறுபடி கேட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நான் இன்னைக்கே கெளம்பி வரேன்" என்றேன்.

"வேணாம்ப்பா. நீங்க வந்தா நாலு பேருக்குத் தெரிஞ்சிடும். மாஸ்டர் வேற ஆளப் போட்டுடுவாரு."

"போடட்டும்."

"உங்களுக்குப் புரியாதுப்பா."

மனைவி அதற்குள் பையை எடுத்துக் கையில் கிடைத்த துணியையெல்லாம் திணிக்க ஆரம்பித்திருந்தாள். ஃபோனைத் திருப்பிக் கேட்டுக் கை நீட்டினாள். கொடுக்கப் போனேன்.

"அப்பா, இருங்க" என்றான். குரல் தாழ்ந்திருந்தது. "அந்த ஷாட்ல என் மூஞ்சி தெரியுதா? நான் இன்னும் படம் பார்க்கல. யாரையும் கேக்கவும் முடியல. மூஞ்சி தெரிஞ்சிடுச்சுன்னா அப்புறம் ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."

திறந்த வாய் என் கண்ணுக்குள் வந்து நின்றது.

"இல்ல" என்றேன். "முதுகுதான் தெரியுது."

"நல்லா பார்த்தீங்களா?"

"ரெண்டு தடவ பார்த்தேன்."

"நல்லவேளைப்பா" என்றான். இழுத்துப் பிடித்திருந்த மூச்சை அவன் விடுவது ஸ்பீக்கரில் பெரிதாகக் கேட்டது.