கெல்லர்டன் மைதானத்துக்குப் புது விளக்கு

கெல்லர்டனுக்குக் கிளம்பும்போதே வெண்டல் ப்ராண்டுக்கு முடிவு தெரியும். நெப்ராஸ்காவில் உள்ள அந்தச் சின்ன ஊர்க் கல்லூரியைத் அவர் அதிகாரியாக இருந்த கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பில் சேர்க்கப்போவதில்லை. காலியாக இருந்த ஒரே இடத்துக்கு அவர்கள் கூப்பிட்டிருந்த, மேற்கே உள்ள ஒரு பெருநகரப் பல்கலைக்கழகம் பிடிகொடுக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தது. அந்த நகரத்தில் லட்சக்கணக்கான வீடுகளில் டிவி ஓடுகிறது. ஒளிபரப்புக்காரர்கள் கேட்டதும் அதைத்தான்.

"நீ கெல்லர்டனுக்குப் போய் நாலு போட்டோ எடுத்துக்க. பேப்பர்ல வரட்டும். இடம் கைவிட்டுப் போயிடுமோன்னு பயம் வந்தா அவனுங்க தன்னால கையெழுத்துப் போடுவானுங்க" என்று கூட்டமைப்பின் தலைவர் ரீஸ் சொல்லி அனுப்பியிருந்தார்.

கெல்லர்டனில் ஊரே திரண்டு வந்திருந்தது. சோள அறுவடையைப் பாதியில் போட்டுவிட்டு வந்தவர்கள் சட்டையில் தூசியோடு நின்று கைதட்டினார்கள். கல்லூரியின் விளையாட்டுத் துறைத் தலைவி மார்லா நோவாக் வெண்டலை மூலைமுடுக்கெல்லாம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டுச் சாப்பிட உட்காரவைத்தாள். சில்லிக் குழம்பும் பட்டை வாசனை வீசும் இனிப்பு ரோலும்.

"இன்னொரு ரோல் வச்சுக்கங்க வெண்டல். நீங்க மிச்சம் வச்சா கிச்சன்ல இருக்கற அத்தனை பேரும் என்னையத்தான் திட்டுவாங்க!"

அப்போது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. வெளியே வந்து எடுத்தார்.

"விழுந்துட்டானுங்கய்யா!" என்றார் ரீஸ். "கையெழுத்து ஆயிடுச்சு. நீ கிளம்பு."

"இவங்ககிட்ட என்ன சொல்றது?"

"என்னத்தச் சொல்ற? கையக் குலுக்கிட்டு வந்து சேரு."

வெண்டல் உள்ளே திரும்பி வந்தார். தட்டில் இரண்டாவது ரோல் காத்திருந்தது. மார்லா பார்த்துக்கொண்டிருந்ததால் அதையும் தின்றார்.

திங்கட்கிழமை செய்தி வெளியானதும் மார்லா போன் செய்தாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்ககிட்ட என்ன குறைன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த தடவைக்குள்ள சரி பண்ணிடறோம்."

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "மைதான விளக்குதான்... கேமராவுக்கு வெளிச்சம் பத்தல" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார்.

"அவ்வளவுதானா?" அவள் குரலில் இருந்த மகிழ்ச்சியைக் கேட்டதும் போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மறு வருடம் அவள் மறுபடி அழைத்தாள். விளக்கு போட்டாயிற்றாம். அதற்குப் பணம் சேர்க்கப் பெண்கள் கேக் விற்றார்களாம், ஒருவர் தன் பொலிகாளையையே ஏலம் விட்டாராம். விளக்கைப் போட்டுக் காட்டும் விழாவுக்கு வெண்டல் கட்டாயம் வரவேண்டுமாம்.

ரீஸிடம் சொல்லாமல் வெண்டல் போனார். மேடைக்குப் பின்னால் மார்லாவைத் தனியாக நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னார். டிவி வீடுகளின் கணக்கு, போட்டோ எடுக்க மட்டுமே வந்தது, விளக்கைப் பற்றிச் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை.

அவள் முகம் செத்துப்போயிற்று. கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"இத இங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க" என்றாள் மெல்ல. "விளக்குதான் குறைன்னே நினைச்சுக்கட்டும். சரி பண்ணிட்டோம்னு சந்தோஷமா இருக்காங்க."

"மார்லா, நான்..."

"வாங்க, கூப்பிடறாங்க."

அவளே மைக்கைப் பிடித்து, "நமக்கு வழி சொன்னவர்" என்று அவரை அறிமுகம் செய்தாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பட்டப்பகல் போன்ற வெளிச்சத்தில், கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் வெண்டல் நின்றுகொண்டிருந்தார்.