செவலைக்குப் பத்தியச் சாப்பாடு

வளைகுடாவில், அல் கூஸ் தொழிலாளர் கேம்ப்பில் அருள்முருகனைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. பெண்டாட்டி பெரம்பலூரில் பிள்ளை பெற்றிருக்கிறாள், புருஷன் இங்கே நாய்க்குப் பிரசவம் பார்க்கிறான் என்று ரூம் முழுக்கச் சிரித்தது. அவனும் சேர்ந்துதான் சிரித்தான். வேறென்ன செய்வது? லீவு கேட்டுப் போனபோது, சைட் முடியட்டும் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த சைட்டோ மாடிக்கு மேல் மாடியாக வளர்ந்துகொண்டே போனது. அதற்குச் சாரம் கட்டுகிற ஆட்களில் அவனும் ஒருவன் என்பதுதான் கொடுமை. மகளுடைய முகம் எப்படி இருக்கும் என்றே அவனுக்குத் தெரியாது. கனகா போனைக் குழந்தையின் வாயருகே பிடிக்கும்போது கேட்கிற அழுகைதான் இப்போதைக்கு அவனுக்கு மகள்.

செவலை குட்டி போட்டது கேம்ப் மெஸ்ஸுக்குப் பின்னால், அடுக்கி வைத்த சாரக் குழாய்களுக்கு அடியில். ஐந்து குட்டிகள். யாருக்கும் சொந்தமில்லாத நாய், மெஸ் எலும்பை நம்பி வந்து தங்கிவிட்டது. விலா எலும்பெல்லாம் வெளியே தெரிய, அவ்வளவு மெலிந்த உடம்பில் ஐந்தும் முட்டி மோதிக்கொண்டு கிடந்தன. வெயில் குழாயைத் தொட விடாமல் கொதித்தது. அருள்முருகன் தன் பழைய போர்வையை நனைத்து மேலே விரித்தான். டியூட்டி முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் ரூமுக்குப் போகமாட்டான், நேரே அந்தச் சாரக் குழாயடிதான். குட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வயிற்றைத் தடவிப் பார்ப்பான். வயிறு ஒட்டியிருந்தால் அன்றைக்கு அவனுக்கும் சோறு இறங்காது.

கனகாவிடம் எல்லாவற்றையும் சொல்வான். அவள் மிஸ்டு கால் கொடுப்பாள், இவன் கார்டு போட்டுக் கூப்பிடுவான். பாப்பாவுக்குப் பால் பற்றவில்லை என்று முதலில் அழுதாள். பிறகு அம்மா பாலில் பூண்டை வேகவைத்துத் தருகிறாள், நாற்றம் குடலைப் பிடுங்குகிறது என்று குறைப்பட்டுக்கொண்டாள். செவலைக்கும் அதே கதைதான், குட்டிகள் கத்திக்கொண்டே இருக்கின்றன என்று இவன் சொன்னான்.

“அப்ப அதுக்கும் பூண்டு வேக வெச்சுக் குடுங்க. அதுவும் தாய்தானே” என்றாள். பிள்ளை பெற்ற பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான் அவன் காதில் விழுந்தது. அந்தச் சிரிப்புக்காகவே செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

மெஸ் சமையல்காரர் கௌஸ் முகம்மது கீழக்கரைக்காரர். நாயைத் தொடமாட்டார், கிட்டேயும் போகமாட்டார். ஆனால் வாயில்லாத ஜீவன் பட்டினி கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது. பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டு நல்லதென்று அவர் வீட்டிலும் சொல்வார்கள். ஒரு கைப்பிடி உரித்து, பால்பவுடர் கரைத்துக் கொதிக்கவிட்டு, அதற்கென்று ஒதுக்கிய கிண்ணத்தில் ஊற்றி வாசலில் வைத்துவிடுவார். மிச்சத்தை அருள்முருகன் பார்த்துக்கொள்வான்.

முதல் நாள் செவலை கிண்ணத்தை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவன் விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, வெந்த பூண்டை விரலால் மசித்து, தாஜா பண்ணி ஊட்டினான். நாய் அவன் முகத்தைப் பார்த்தது, பிறகு விரலை நக்கியது. மறுநாள் கொஞ்சம் தயங்கியது. அதற்கப்புறம் கிண்ணத்தோடு அவன் வருவதைக் கண்டாலே வாலால் மண்ணை அடிக்கத் தொடங்கியது. பத்தியம் பிடித்துவிட்டது என்று ரூமில் பெருமையடித்தான்.

பால் கூடவில்லை. குட்டிகளின் கத்தல் மெலிந்ததே தவிர வயிறு நிறையவில்லை. செவலையும் எழுந்து நடப்பதைக் குறைத்துக்கொண்டது. பூண்டு பற்றவில்லை என்று இவனாக முடிவு கட்டினான். கௌஸ் பாயிடம் சொல்ல, அவர் இரண்டு கைப்பிடி போட்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் போனபோது செவலை தலையைத் தூக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடியது. அது படுத்த இடத்தில் மூத்திரம் பட்டு மண் செம்பழுப்பாய் நனைந்திருந்தது. போர்வையில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த மிருக ஆஸ்பத்திரிக்கு ஓடினான். லீவு நாள் என்பதால் டாக்டர் இல்லை. கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த ஷிஜி என்ற பெண் மட்டும் இருந்தாள். குளச்சல்காரி. அவன் தமிழில் புலம்புவதைக் கேட்டுக் கதவைத் திறந்தாள்.

அவள் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாள். ஈறு வெள்ளைத் தாளாய் வெளுத்திருந்தது.

“இதுக்கு என்ன கொடுத்திய அண்ணா?”

அவன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். பாலில் வேகவைத்தது, கையால் மசித்தது, பிறகு கூட்டியது, எல்லாவற்றையும். நல்லதைச் செய்தவன் சொல்வதுபோலத்தான் சொன்னான். ஷிஜி நாயின் காதைத் தடவிக்கொடுத்தாள்.

“மனுசருக்குத்தான் அது மருந்து, அண்ணா. நாய்க்கு வெசம். ரத்தத்தை அழிச்சிரும்” என்றாள். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, “இங்க வேலைக்கு வரதுக்கு முன்ன எனக்கும் தெரியாது” என்றும் சொன்னாள்.

டாக்டருக்குப் போன் போட்டாள். வேறு நாயின் ரத்தம் ஏற்ற வேண்டும், இந்த நிலையில் அதுவும் நிச்சயமில்லை, நாளைக் காலைக்கு முன்னால் தன்னால் வர முடியாது என்றார் அவர். நாளைக் காலை வரை தாங்காது என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. குட்டிகளுக்கென்று ஒரு டப்பா பால்பவுடரும் ஊசியில்லாத சிரிஞ்சும் கொடுத்து, எப்படிப் புகட்டுவது என்று காட்டி அனுப்பினாள். அவ்வளவுதான் அவளாலும் முடிந்தது.

குழாயடியில் செவலையை இறக்கிப் படுக்கவைத்தான். கௌஸ் பாய் வழக்கம்போலக் கிண்ணத்தை வாசலில் வைத்திருந்தார். வாசனை எட்டியிருக்க வேண்டும். இவ்வளவு நேரம் அசையாத செவலை மெல்லக் கண்ணைத் திறந்து, கிண்ணத்தை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தது. வால் ஒருமுறை மண்ணில் அடித்தது. அவன் ஊட்டுவான் என்று அது காத்திருந்தது. அருள்முருகன் எழுந்து போய்க் கிண்ணத்தை மணலில் கவிழ்த்துவிட்டுத் திரும்பினான். அதற்குள் அது போய்விட்டது. அது பட்டினியில் செத்திருந்தால்கூட அவன் தாங்கியிருப்பான்.

குட்டிகளுக்கு என்ன தெரியும்? ஐந்தும் போட்டி போட்டுக்கொண்டு அந்த வயிற்றைத்தான் முட்டின. ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்து மடியில் போட்டுக்கொண்டான். சட்டைப் பையில் போன் ஒரு தடவை அடித்து நின்றது. கனகா. கூப்பிடாமல் விட்டால் அங்கே பயந்துபோவாள். கூப்பிட்டான்.

அவள் குரலில் அப்படி ஒரு தெளிவு. பாப்பா நேற்று முழுக்க அழவில்லை, பால் தாராளமாக வருகிறது, எல்லாம் அம்மா கொடுத்த பூண்டுதான் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் நல்லது, நல்லது என்று கேட்டுக்கொண்டிருந்தான். உண்மையிலேயே அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

“செவலைக்கு நிறுத்திடாதீங்க. பாவம், அதைப் பாத்துக்க ஒங்கள வுட்டா யாரு இருக்கா?” என்றாள்.

“ம். குடுக்குறேன்” என்றான்.

போனை வைத்துவிட்டு விரலை முகர்ந்து பார்த்தான். பூண்டு நாற்றம் அடித்தது. மெஸ் குழாயில் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். பிறகு வந்து உட்கார்ந்து ஷிஜி கொடுத்த பவுடரைக் கரைத்து, முதல் குட்டியின் வாயில் சிரிஞ்சை வைத்தான். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஊட்டுவதா, விடுவதா என்று தெரியாமல் அவன் கை அப்படியே நின்றது.